எட்டில் ஒன்று குட்டை

நெல்டா கிரெனெக் வீடு விற்பவள். வேக்கோ நகரத்துக்கு வடக்கே பூட்டிக் கிடக்கும் வீடுகளை முன்பின் தெரியாதவர்களுக்குத் தன்னந்தனியாகத் திறந்து காட்டுவதுதான் பிழைப்பு. அதனால் பதினொரு வருடமாக இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி. மெலிசானது. கோட்டுக்குள் இருப்பதே தெரியாது. தேடித் தேடி வாங்கிக் கொடுத்தவர் கணவர் ஆல்வின். "தடியா இருந்தா ரெண்டே வாரத்துல கழட்டி அலமாரில போட்டுருவ. கூடவே இருக்கறதுதான் துப்பாக்கி" என்றார் அன்றைக்கு. சொன்னது பலித்தது. ஒருநாள்கூட அதை விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போனதில்லை. ஒருநாள்கூட அதை உருவ வேண்டியும் வரவில்லை. அதற்காக ஞாயிறுதோறும் தேவாலயத்தில் மறக்காமல் நன்றி சொல்லிவிடுவாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஆல்வினுக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவி வைத்த இடம் போயிற்று, அப்புறம் தெருவின் பெயர், அப்புறம் மனைவியின் முகம். ஒரு சாயங்காலம் நெல்டா குளித்துவிட்டு வந்தபோது, அவளுடைய துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி கூடத்தில் நின்றிருந்தார்.

"யாரு நீ? எப்படி உள்ள வந்த?"

நயமாகப் பேசிப் பேசி அதைக் கையிலிருந்து வாங்குவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டுக்குள் காலை வைத்ததும் முதல் வேலை இதுதான். தோட்டா அடுக்கிய மேகசினை உருவுவாள், குழாயில் ஏற்றியிருக்கும் தோட்டாவை வெளியே எடுப்பாள், எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். காலையில் கிளம்பும்போது அதே தோட்டாவை மறுபடி குழாயில் ஏற்றுவாள். நான்கு வருடம், ஒரு வேலைநாள் தவறவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷி ஜாக்கிரதையாக இருக்க முடியுமா? முடியாது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

குறி பழகச் சுடுதளத்துக்கு மட்டும் போகவில்லை. ஆல்வினை யாரிடம் விட்டுப் போவது?

அப்படியே போயிருக்கும். அலுவலகத்தில் ஷானா என்பவள் வாயை வைத்தாள். "இந்த ஒல்லிக்குச்சித் துப்பாக்கியெல்லாம் பத்து வருஷந்தான் நெல்டா. அவசரத்துக்கு எடுக்கறப்ப கழுத்தறுத்துரும்." நெல்டாவுக்கு அன்று வேலையே ஓடவில்லை. தன் உயிர்கூட அப்புறம். ஆல்வினுக்குச் சவரம் செய்வதும் சட்டைப் பொத்தான் போடுவதும் சோறு தேடிப் போடுவதும் இந்த இரண்டு கைகள்தான். இந்தக் கைகளுக்கு ஒன்று ஆனால் அவருக்கு யார்?

ரஸ்க் டிட்வெல்லிடம் ஓடினாள். துப்பாக்கி பழுது பார்ப்பவன், சுடுதளமும் அவனுடையது, பள்ளிக்கூடத்து நண்பன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பாகம் பாகமாகக் கழற்றினான்.

"ஏன் நெல்டா, உள்ள ஒரு துணிக்கடையே வச்சிருக்கியே! எத்தன கோட்டோட நூலு இது?"

"கிண்டல அப்புறம் பண்ணு. தேறுமா தேறாதா?"

"வேர்வைல ரெண்டு எடம் துரு. தொடச்சாச்சு. ஸ்பிரிங் களைச்சுப் போச்சு. மெலிசுத் துப்பாக்கிக்கு ஸ்பிரிங்கும் குட்டி, பாவம் அதுதான் எல்லா அடியும் வாங்கும். மாத்திட்டேன். மத்தபடி உன்னையும் என்னையும் பொதச்சுட்டுத்தான் இது ஓயும். உன் கைதான் எனக்குக் கவல. மெலிசு கழுதையா உதைக்கும், பழக்கம் விட்டா குறி கூரைக்குப் போகும். சனிக்கிழம வா. இப்ப போட்டிருக்கற பழைய தோட்டாவ எல்லாம் சுட்டுத் தீத்துட்டுப் புதுசு போட்டுக்க."

சனிக்கிழமை காலை ஆல்வினின் தங்கை வந்து உட்கார்ந்துகொள்வதாக ஏற்பாடு. துப்பாக்கி காரில் பூட்டியிருந்தது. பழைய எட்டுத் தோட்டாக்களையும் நெல்டா சமையலறை மேஜையில் கொட்டினாள். எதிரே ஆல்வின் ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். அதை அப்படியே வைத்துவிட்டு, தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக நிறுத்தத் தொடங்கினார். முப்பது வருடம் கார் கொட்டகையில் தன் கையாலேயே தோட்டா கட்டியவர் அவர். மூளை மறந்தாலும் விரல் மறக்கவில்லை.

ஒன்றை மட்டும் தனியே ஒதுக்கினார். "இது குட்டை."

"எல்லாம் ஒரே பெட்டில வாங்குனதுதான் ஆல்வின்" என்று அதை எடுத்து வரிசையில் சேர்த்தாள்.

அவர் மறுபடி ஒதுக்கினார். அவள் மறுபடி சேர்த்தாள். கோபம் வந்துவிட்டது அவருக்கு. வெடுக்கென்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"குடுத்துரு ஆல்வின்."

"மாட்டேன்."

எழுபதை நெருங்கும் ஆளிடம் மல்லுக்கட்ட முடியுமா? ஒன்று போனால் போகிறது என்று ஏழோடு கிளம்பினாள்.

சுடுதளத்தில் ரஸ்க்கிடம் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"தெனம் சாயங்காலம் தோட்டாவ வெளிய எடுப்பியா?"

"ஆமா."

"காலைல அதையேதான் ஏத்துவியா? மாத்தி மாத்தி இல்ல?"

"அதேதான். ஏன்?"

ரஸ்க் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ஏத்துற ஒவ்வொரு தடவையும் குண்டோட மூக்கு இரும்புல போய் இடிக்கும். இடிச்சு இடிச்சு உறைக்குள்ளயே எறங்கிரும். மருந்துக்கு எடம் சுருங்குனா உள்ள அழுத்தம் எகிறும். ஆயிரம் தடவைக்கு மேல இடிச்சிருக்க நெல்டா. ஆல்வின் எடுத்து வச்சுக்கலன்னா இன்னிக்கு நீ அதையும் சுட்டிருப்ப. அது கையிலேயே வெடிச்சிருக்கலாம். விரல் போயிருக்கும், கண்ணுகூட."

நெல்டா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஆல்வினுக்குப் பயந்து செய்த காரியம் இது. நான்கு வருடமாக எவர் கைக்குத் தோட்டா போய்விடக்கூடாது என்று பூட்டிப் பூட்டி வைத்தாளோ, அவர் கையல்லவா இன்றைக்கு மறித்திருக்கிறது! வெட்கமாகவும் இருந்தது, ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ரஸ்க் உடனே விடவில்லை. மற்ற ஏழு தோட்டாக்களையும் அளந்து பார்த்துச் சுடவைத்தான். முதல் இரண்டு கூரையைத்தான் தேடிப் போயின, ஐந்து குறி அட்டைக்குள் விழுந்தன. புதுத் தோட்டா ஒரு பெட்டி கொடுத்து, "இனிமே குழாய்லேர்ந்து எடுத்தத மேகசின் அடியில சொருகு, அப்பத்தான் தெனம் வேற தோட்டா ஏறும். அடிக்கடி புதுசு ஒண்ணு பக்கத்துல வச்சு உயரம் பாரு. குட்டையாத் தெரிஞ்சா என்கிட்ட குடுத்துரு" என்று அனுப்பினான்.

வீட்டில் ஆல்வின் அதே நாற்காலியில் இருந்தார். கை இன்னும் சட்டைப் பையின் மேல். நெல்டா பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள். இந்தத் தடவை மறுக்காமல் எடுத்து வைத்தார். புதுத் தோட்டா ஒன்றை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். நகக்கனம் குட்டை. அவ்வளவுதான் வித்தியாசம், அவள் கண்ணில் நான்கு வருடமாகப் படவேயில்லை.

"ரொம்ப நன்றி" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆல்வின் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். யாரோ ஒரு நல்ல பெண்மணி, இதெல்லாம் தெரியாமல் அழுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதையாகக் குனிந்து கேட்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரு இதெல்லாம் பாத்துக் குடுக்க மாட்டாரா?"

நெல்டா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுத்தாருங்க. இன்னிக்குக் காலைலகூடப் பாத்துக் குடுத்தாரு."