மைதானத்தில் குடியிருப்பவர்கள்

கால்பந்து மைதானத்தின் நட்டநடுவே நூற்றுக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்து கிடந்தார்கள். அவள் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். குவியல் கலையவில்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பக்கத்து மேசைக்காரன், அலுவலகத்தில் எல்லோருக்கும் சோடாபுட்டி, "கோல் கம்பத்துக்கெல்லாம் ஓட்டு குடுத்துட்டாங்களா? அப்ப நாம ஜெயிச்ச மாதிரிதான்" என்றான். சிரிக்க வேண்டிய இடம் என்பதால் அவளும் சிரித்தாள்.

கட்சி அலுவலகத்தின் தேர்தல் மென்பொருளுக்கு அது வழக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி. நம் பக்கம் என்றால் பச்சை, எதிர்ப்பக்கம் சிவப்பு, மனசு ஊசலாடுகிறவர்கள் மஞ்சள். முகவரி பிடிபடாத வீடுகளை என்ன செய்வதென்று தெரியாமல் வட்டாரத்தின் மையத்தில் கொட்டிவிடும். மையத்தில் மைதானம் இருந்தது. கொட்டப்பட்டவர்கள் கால்வாய்க் கரைக்காரர்கள். அங்கே எந்தக் கதவுக்கும் எண் கிடையாது, அவளுடைய அக்கா வீட்டுக் கதவு உட்பட.

மேலாளர் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் புது ரோடு போடப்போகிறார். கடைத்தெரு வழியாகப் போட்டால் எத்தனை ஓட்டு கைவிட்டுப் போகும், கால்வாய்க் கரை வழியாகப் போட்டால் எத்தனை? எந்த வழியானாலும் அங்கிருப்பவை இடிபடும். வரைபடத்தில் கடைத்தெரு முழுக்கப் பச்சை. கரை வெறும் வெள்ளை. பச்சைக் குழந்தைகூடப் பதில் சொல்லிவிடும்.

பிற்பகல் முழுவதும் புள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் வைத்தாள். தையல்காரி வீடு, எப்போதும் ரேடியோ அலறும் வீடு, நாய்க்குப் பயந்து அவள் சுற்றிக்கொண்டு போகும் வீடு. அக்கா வீட்டை வைக்கும்போது ஏதாவது தோன்றும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த காலைத் தொட்டால் யாருடைய காலையோ தொட்டது போல இருக்குமே, அப்படித்தான் இருந்தது. கொஞ்ச காலமாகவே எல்லாம் அப்படித்தான் இருந்தது.

கடைசிப் புள்ளியும் உட்கார்ந்ததும் மென்பொருள் தானாகக் கணக்குப் போட்டது. பக்கத்துத் தெருவின் பழைய வாக்கு நிலவரத்தைப் பார்த்துக் கரை முழுவதையும் சிவப்பாக்கியது.

மேலாளர் நல்ல மனிதர். அவளை உட்காரச் சொல்லிவிட்டு நின்றபடியே திரையைப் பார்த்தார்.

"நல்ல வேலைம்மா. காலையில அங்க ஆளே இல்ல. இப்ப இருக்காங்க, ஆனா அத்தனையும் அவங்க ஆளு. நமக்குப் போறதுக்கு என்ன இருக்கு, சொல்லு?"

"அவ்வளவும் வீடு சார்."

"வீடுதான். நான் இல்லேன்னா சொன்னேன்?"

வரைபடத்தில் ஆள் இல்லாதபோதும் இடிக்கலாம், இருக்கும்போதும் இடிக்கலாம். அவள் கணினியை அணைத்துவிட்டு நேரே கரைக்கு நடந்தாள்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தத் தடவை யாருக்குப் போடுவ?"

"என்னடி, வந்ததும் வராததுமா? கட்டின புருஷனே என்கிட்ட இதக் கேட்டதில்ல."

"சொல்லேன்."

"யாராவது வந்து கேட்டாத்தானே யோசிக்க? ரெண்டு கட்சியும் முக்கு வரைக்கும் வருவாங்க, மூக்கப் பொத்திக்கிட்டுத் திரும்பிடுவாங்க. நான் ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி. உங்க மாமா, நான் எதுக்குப் போடுறேனோ அதுக்கு எதிரா."

மஞ்சள் என்று அவள் மனம் தானாகக் குறித்துக்கொண்டது. பிறகு ரோட்டைப் பற்றிச் சொன்னாள். பாதி மடித்த சட்டையோடு அக்காவின் கை நின்றது.

"இடிச்சிடுவாங்களா?"

"தெரியல."

"நீ அங்கதானடி இருக்கே. பாத்துக்க மாட்டியா?"

"ம்" என்றாள். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. சட்டையின் மறுபாதியையும் மடித்தாள்.

மறுநாள் காலை கரை முழுவதையும் மஞ்சளாக்கினாள். ஒருத்தி சொன்னதை வைத்து அத்தனை பேருக்கும் நிறம் பூசுவது தப்பு என்று அவளுக்குத் தெரியும். மென்பொருளோ யாருமே சொல்லாததை வைத்துப் பூசியிருந்தது.

"ராத்திரியோட ராத்திரியா மனசு மாறிட்டாங்களா?" என்றார் மேலாளர்.

"நேத்து போய்க் கேட்டேன் சார்."

"எல்லார்கிட்டயுமா?"

"ஒருத்தர்கிட்ட."

"யாரு?"

"எங்க அக்கா."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்றார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "சரி, ரெண்டு பக்கமும் அளந்துட்டு வரட்டும். அப்புறம் பாப்போம்."

அந்த வாரமே கரையை அளக்க வந்துவிட்டார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் அளவு நாடாவின் நுனியை அக்காவிடம் நீட்டினான்.

"அக்கா, இத அந்தச் சுவத்தோட வச்சுக் கொஞ்சம் புடிங்க. ஆள் பத்தல."

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தன் வீட்டுச் சுவரில் வைத்து இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்தாள். அவன் நாடாவை அவிழ்த்துக்கொண்டே பின்வாக்கில் நடந்தான்.

"ஆடாம புடிங்கக்கா!"

"நான் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், நீ நேராப் போப்பா! கால்வாயில விழுந்து தொலைக்காத!"

தங்கையைக் கண்டதும் கையை எடுக்க முடியாமல் மோவாயை ஆட்டி வா என்றாள். அவள் நாடாவுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள். அக்காவின் விரல்கள் வழுக்கத் தொடங்கியிருந்தன. அவற்றின்மேல் தன் விரல்களை வைத்து அழுத்தினாள். தூரத்தில் அவன் இழுக்க, நாடா விறைத்துக் காற்றில் மெல்ல அதிர்ந்தது. அந்த இழுப்பு அவள் விரல்வரை வந்தது.