ஐந்தாம் நம்பர் பூட்ஸ்

மருந்து கட்டும் அறைக்கு வெளியே உட்காரும் வாங்குகள் நிரம்பியிருந்தன. அழகம்மாவின் நம்பர் துண்டுச்சீட்டில் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது. உள்ளே இப்போதுதான் பதினெட்டைக் கூப்பிட்டார்கள். காலை ஆறரைக்கு மஹய்யாவையிலிருந்து வந்தவள். வலது காலை மகளின் கைப்பையின் மேல் தூக்கி வைத்திருந்தாள். கட்டுக்குள் மூன்று விரல்கள்தான் இருந்தன. ஆனாலும் இல்லாத சுண்டுவிரல் விடிந்ததிலிருந்து அரித்தது. சொறியக் குனிந்தால் கை வெறும் பஞ்சைத்தான் தொட்டது.

நிரோஷினிக்கு உட்கார முடியவில்லை. பிலிமத்தலாவையில் புடவைக்கடையில் நிற்பவள், அரைநாள் லீவு கேட்டு வந்திருந்தாள். கதவுவரை போவாள், எட்டிப் பார்ப்பாள், திரும்பி வருவாள்.

"ஒரு எடத்துல இரேன்டி. நீ நடக்குறதப் பாத்து எனக்குக் கால் வலிக்குது."

"எனக்குப் பத்து வெரலும் இருக்கும்மா. நடக்குறேன்."

ஏழு வாரங்களுக்கு முன்பு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாக்கடைக் கான் துப்புரவு செய்யும்போது துருப்பிடித்த தகரம் ஒன்று ரப்பர் செருப்பையும் அறுத்துக்கொண்டு காலில் இறங்கியது. சீழ் பிடித்து இரண்டு விரல்களை எடுத்தார்கள். நகரத் தெருக்களைக் கூட்டக் கொந்தராத்து எடுத்திருந்த கம்பனி, அவள் பூட்ஸ் வாங்கிக்கொண்டு போடாமல் விட்டாள் என்றது. புத்தகத்தில் கையெழுத்து இருந்தது.

கையெழுத்து உண்மைதான். பூட்ஸ்தான் வரவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் அப்படித்தான். கேங்கில் உள்ள பன்னிரண்டு பேரும் முதலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று போட வேண்டும். கையெழுத்துத் தாள் கொழும்புக்குப் போனால்தான் சாமான் வரும். சில வருடம் மார்ச்சில் வரும், சில வருடம் வரவே வராது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர் சூப்பவைசர் சவரிமுத்து. கோயில் சபைக்குச் செயலாளரும் அவர்தான்.

அவர் அன்று கிளினிக்குக்கும் வந்தார், கையில் கரைத்துக் குடிக்கும் மோல்ட் மா பாக்கெட்டோடு.

"எப்படி இருக்கு தங்கச்சி?"

"இருக்குண்ணே."

"நாளைக்குப் பெரிய வியாழன். பாதம் கழுவுற பன்னெண்டு பேர்ல இந்த வருஷம் ஒங்க பேரையும் போட்டிருக்கேன். சாமிகிட்ட நானே சொன்னேன்."

"செவ்வாக்கெழம கம்பனி விசாரணையில என்னா சொல்லப்போறீங்க மாமா?" என்றாள் நிரோஷினி. "அதச் சொல்லுங்க மொதல்ல."

சவரிமுத்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேலயில எனக்கு இன்னும் ஒரு வருஷந்தான் இருக்கு மகள். பூட்ஸ் இல்லன்னு தெரிஞ்சும் ஏன் கானுக்குள்ள எறக்குனேன்னு என்னயத்தான் கேப்பாங்க." அழகம்மாவின் பக்கம் திரும்பினார். "நான் செஞ்சது பாவந்தான் தங்கச்சி. மன்னிச்சிருங்க. ஆண்டவரு எவ்வளவு பட்டாரு, வாயத் தொறந்தாரா? இந்த வேதனைய அவருக்கு ஒப்புக்குடுத்துருங்க."

"ரெண்டு வெரல ஒப்புக்குடுத்தாச்சு மாமா. இன்னும் எத்தன வேணுமாம்?"

"நிரோ, வாய மூடு."

அழகம்மா அவருடைய சட்டையைப் பார்த்தாள். அதே நீலச் சட்டை. அன்றைக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு த்ரீவீலுக்கு ஓடியவரும் இவர்தான். கைமடிப்பில் இரத்தக் கறை வெளுத்து, தேயிலைச் சாயம் மாதிரி நின்றது.

"யோசிக்கிறேண்ணே," என்றாள்.

வியாழன் பின்னேரம் பொதுக் குழாயடியில் அழகம்மாவின் கால்களைத் தேய்க்கும் வேலை நடந்தது. தேய்த்தவள் வடிவம்மா, அதே கேங்கில் கூட்டுபவள், அடுத்த வீட்டுக்காரி. வலது காலில் கட்டு இருந்ததால் இடது குதிகாலை மட்டும் மாக்கல்லால் உரசினாள்.

"சாமி கழுவப்போற காலுக்கு இங்க ஒரு மணித்தியாலமாக் குளிப்பாட்டு. பொறகு அவரு எதத்தான்டி கழுவுவாரு?"

"அழுக்குக் காலோட போய் ஒக்காந்தா சனம் சிரிக்காதா? எல்லாரும் கழுவிட்டுத்தான் வருவாங்க."

"எங்க முருகனுக்கு இந்தத் தொல்லையே இல்ல. அவரு யாரு காலயும் தொடமாட்டாரு." வடிவம்மா தண்ணீரை ஊற்றினாள். "அந்தாள மன்னிக்கப் போறியா?"

"மன்னிக்காம எப்படி நற்கருண வாங்குறது?"

"அப்ப வேல?"

விசாரணையில் கம்பனியின் பிழை என்று முடிந்தால் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவார்கள். அவள் பிழை என்றால் வீட்டுக்குத்தான்.

"மன்னிச்சா அவரு வேல மிஞ்சும், அம்மா வேல போகும்," என்றாள் வாசலில் நின்ற நிரோஷினி. "நல்ல வேதம்."

"மன்னிக்கிறது என் வேலடி. உண்மையச் சொல்றது அவரு வேல. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத." அழகம்மா குனிந்து வடிவம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நீ வந்து சொல்றியா வடிவு? ஒனக்கும் பூட்ஸ் வரல தானே?"

மாக்கல் நின்றது.

"எம் புருஷனும் அங்கதான் லொறியில நிக்கிறான்," என்றாள் வடிவம்மா. பிறகு ஏற்கெனவே சுத்தமாகியிருந்த குதிகாலை மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

கோயிலில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரைகள் போட்டிருந்தார்கள். வழக்கப்படி எல்லாரும் வலது காலை மட்டும் வெறுங்காலாக நீட்டினார்கள். கடைசிக் கதிரையில் அழகம்மா. பூசைக்கு முன்பே சவரிமுத்து வந்து காதோடு சொல்லியிருந்தார்: "நீங்க மட்டும் எடது கால வைங்க தங்கச்சி. சனம் பயந்துரும்."

பிரசங்கத்தில் சாமி, மன்னிப்பவன்தான் சிலுவையை மெய்யாகச் சுமப்பவன் என்றார். பக்கவாட்டில் நின்ற நிரோஷினி தன் செருப்பின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். வார் அறுந்து கையோடு வந்தது.

சாமி முழந்தாளிட்டு ஒவ்வொரு காலாக நகர்ந்தார். சவரிமுத்து தண்ணீர் பிடிக்கும் பேசினையும் துவாயையும் ஏந்திப் பின்னால் வந்தார். செம்பிலிருந்து ஒரு கை தண்ணீர், துவாயால் ஒற்றல், ஒரு முத்தம். முன்கூட்டியே தேய்த்த கால்கள் என்பதால் பேசின் தண்ணீர் கலங்கவேயில்லை.

அழகம்மாவின் முறை வந்தது. அவள் இடது காலை உள்ளே இழுத்தாள். சேலைக்கடியில் மருந்துக்கட்டை முன்பே அவிழ்த்து வைத்திருந்தாள். வலது காலை நீட்டினாள். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் அவளுடைய குதிகாலை உள்ளங்கையில் தாங்கித் தண்ணீரை ஊற்றினார். விரல்கள் இருந்த இடத்தில் தண்ணீர் தங்காமல் வழிந்தது. சவரிமுத்து நீட்டிய துவாயால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டார். சவரிமுத்து துவாயைத் திருப்பி வாங்கக் குனிந்தார்.

"அண்ணே," என்றாள் மெதுவாக. "நான் மனசாற மன்னிச்சுட்டேன். செவ்வாக்கெழம உள்ளத மட்டும் சொல்லிருங்க."

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. தலையை ஆட்டினார். அது ஆம் என்பதுபோலத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கம்பனி வளவுக்குள் நுழையும்போதே புது ரப்பர் வாசம் அடித்தது. வடிவம்மா முழங்கால்வரை கறுப்பு பூட்ஸோடு எதிரே வந்தாள்.

"நேத்துத்தான் வந்துச்சுடி. ஒன் கால் போனதாலதான் வந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்களுக்காக நீ பட்டமாதிரி." சொல்லிவிட்டு அவள் நிற்கவில்லை. லொறி கிளம்பிக்கொண்டிருந்தது.

மெனேஜர் புத்தகத்தை விரித்துத் திருப்பிவைத்தார். இது உன் கையெழுத்தா என்று சிங்களத்தில் கேட்டார்.

"என்னோடதுதான் மாத்தயா. ஆனா பூட்ஸ் வரல. வரும்னு சொல்லி வாங்குனாங்க."

மெனேஜர் சவரிமுத்துவைப் பார்த்தார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டிக் என்றது. நிரோஷினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சவரிமுத்து அழகம்மாவின் காலைப் பார்த்தார், பிறகு புத்தகத்தைப் பார்த்தார்.

"கையெழுத்து இருக்கு சேர்," என்றார்.

அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் விசாரணை முடிந்துவிட்டது.

கணக்கு முடித்து விலகல் கடிதம் வாங்க ஸ்டோர்ஸ் யன்னலுக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் ஈ.பி.எப். சேமிப்புப் பணம் எடுக்க முடியாது, வேறு இடத்தில் வேலை கேட்கவும் முடியாது. உள்ளேயிருந்தவன் புத்தகத்தில் விரலை ஓட்டினான்.

"ஒரு சோடி பூட்ஸ், நம்பர் அஞ்சு. அதத் திருப்பிக் குடுங்க."

"குடுக்காததை எப்பிடிடா திருப்பிக் குடுக்கிறது?" நிரோஷினி யன்னல் பலகையில் அறைந்தாள். "மனுசங்கதானா நீங்கல்லாம்?"

"என்கிட்ட ஏன் கத்துறீங்க தங்கச்சி? புத்தகத்துல வந்தது, புத்தகத்துல போகணும்."

சத்தம் கேட்டுச் சவரிமுத்து வந்தார். நிரோஷினியைப் பார்க்காமல் உள்ளே போனார். பன்னிரண்டு சோடியில் பதினொன்று போய், தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. அதை எடுத்துவந்து அழகம்மாவின் கைகளில் வைத்தார். உள்ளே அடைத்த காகிதம்கூட எடுக்கப்படவில்லை.

"இத அவன்கிட்ட குடுத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. கடிதம் இப்பவே கிடைச்சுரும்." பேனாவையும் எடுத்து நீட்டினார். "மன்னிச்சுட்டேன்னு அன்னைக்குச் சொன்னீங்களே தங்கச்சி."

"சொன்னேன். நான் குடுத்தது குடுத்ததுதாண்ணே. ஒங்க கம்பனி மாதிரி கையெழுத்த வாங்கிட்டுக் குடுக்காம விடல."

அவள் வாங்கில் உட்கார்ந்தாள். வலது பூட்ஸிலிருந்து காகிதத்தை எடுத்துவிட்டுக் காலை மெல்ல நுழைத்தாள். வலிக்கவில்லை. நுனியில் இரண்டு விரலளவுக்கு இடம் மிச்சமிருந்தது. தடித்த அடிப்பாகத்தைத் தரையில் இரண்டுமுறை ஊன்றிப் பார்த்தாள். பிறகு கழற்றிச் சோடியாக யன்னலில் வைத்தாள்.

ஸ்டோர்ஸ்காரன் பூட்ஸைப் புரட்டி அடியைப் பார்த்தான். கவிழ்த்து உதறினான். 'பொருளின் நிலை' என்ற கட்டத்தில் 'ஒருநாளும் பாவிக்கப்படவில்லை' என்று எழுதி, புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினான்.

அழகம்மா கையெழுத்துப் போட்டாள். சவரிமுத்து வாங்கில் கிடந்த காகிதத்தை எடுத்து, நீவி, பழையபடி வலது பூட்ஸின் நுனிக்குள் அடைத்தார்.