சிவப்பு குறைந்த கால்மிதி

புதுக்கடை ஊருக்குப் பக்கத்தில் தேங்காய்த் தும்பில் கால்மிதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் ஜிஷாவுக்கு இரட்டை வேலை. புது மாதிரிகளை வரைவது ஒன்று. கயிறும் சாயமும் தருகிறவர்களின் பட்டறைகளுக்குப் போய், தண்ணீரையும் கழிவையும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வருவது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலை புதிது. வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள் என்று முதலாளி ஆன்ஸ்லின் அதையும் அவள் தலையில் கட்டியிருந்தார்.

அப்படித்தான் அவள் முதல்முறையாகச் செசிலியின் சாயப்பட்டறைக்குப் போனாள். சாயமேற்றிய கயிறு கம்பெனி வாசலில் வந்து இறங்குவதை மட்டுமே அதுவரை பார்த்திருந்தாள். பட்டறைக்குப் பின்னால் வாய்க்கால் மருதாணி இட்ட உள்ளங்கைபோலச் சிவந்து கிடந்தது. யாரோ ஓட்டி வந்த பசு ஒன்று தண்ணீரில் வாய் வைக்கப் போய், முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"அக்கா, இது என்ன?"

செசிலி ஒளிக்கவில்லை. புருஷனைக் கடல் கொண்டுபோனபின், கடன் வாங்கித் தொடங்கி அக்கம்பக்கத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு பட்டறையை நிலைநிறுத்தியவள் அவள். கையில் முழங்கை வரை சாயம். "நீ கேட்ட செவப்பு மக்கா. கடுஞ்செவப்பு. திரும்பத் திரும்ப அலசினாத்தான் வெள்ளைத்துணியில தேச்சுப் பாக்குற உங்க சோதனையில சாயம் ஒட்டாம இருக்கும். அந்த அலசின வெள்ளம் எங்க போவும்? நான் குடிக்கவா?"

முழுச் சிவப்பில் ஒரு கால்மிதி என்று ஆசை ஆசையாக வரைந்தது ஜிஷாதான். வாங்குகிறவர்கள் மாதிரியைப் பார்த்துத் தலையாட்டியும் ஆயிற்று.

மறுநாள் ஆன்ஸ்லினிடம் சொன்னாள். பத்து வருஷம் வளைகுடாவில் இருந்தவர். எதையும் இழுத்தடிக்கப் பிடிக்காது. "அந்தப் பட்டறைய விடு. வேற ஆளப் பாரு."

"வேற ஆளுகிட்டயும் இதே செவப்பத்தான் கேப்போம் சார். வாய்க்கால்தான் மாறும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாதிரியையே மாத்துவோம். சாயம் கொறையுற மாதிரி."

"ஓக்கே சொன்ன மாதிரிய மாத்தினா அவங்க போயிடுவாங்கன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"செஞ்சு காட்டு. பிடிக்காட்டா வேற பட்டறைதான்."

வெளியே வந்த ஜிஷா நேராகத் தும்புக் கிடங்குக்குப் போனாள். தன் வேலை மட்டும் என்றால் பரவாயில்லை. செசிலியின் அடுப்பும் இதில் எரிகிறது.

கதம்பல் என்கிற தேங்காய் மட்டை பச்சையாக இருந்தால் அதன் தும்பு பொன்னிறமாக இருக்கும். காய்ந்த கதம்பலின் தும்பு நல்ல தவிட்டு நிறம். சாயமே இல்லாமல் இந்த இரண்டையும் கலந்து கட்டம் போடலாம் என்று நினைத்தாள். முதலில் நெய்ததைப் பார்த்தபோது அவளுக்கே அழுகை வந்தது. நனைந்த சாக்குபோல இருந்தது. கலந்ததுதான் தப்பு என்று பட்டது. அடுத்த தடவை பொன்னிறத்தை நடுவிலும் தவிட்டு நிறத்தைச் சுற்றிலுமாகப் பிரித்து, விளிம்பில் மட்டும் விரல் அகலத்துக்குச் சிவப்பு ஓட விட்டாள். தறிக்காரர் அதை வெயிலில் விரித்துவிட்டு, "கொள்ளாம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வந்ததே கிடையாது.

ஆன்ஸ்லின் கால்மிதியின் மேல் ஏறி நின்றார், குனிந்து தடவினார், வாங்குகிறவர்களுக்கு அனுப்பக் கூரியருக்குக் கொடுத்தார். அதோடு, விளிம்புச் சிவப்பையும் அலசத்தானே வேண்டும் என்று, சிமெண்டுத் தொட்டிகள் கட்ட ஆளையும் செசிலியின் பட்டறைக்கு அனுப்பினார். அலசிய தண்ணீர் இனி தொட்டிக்குப் போகவேண்டும். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுச் சாயம் அடியில் படிந்ததும், மேலே தெளிந்ததை அடுத்த சாயத்துக்கு எடுக்கவேண்டும். படிந்த சேற்றை வாய்க்கால் பக்கம் கொட்டக்கூடாது. அனுமதி உள்ள இடத்துக்குக் கம்பெனி வண்டியே எடுத்துப்போகும்.

"தொட்டி நெறஞ்சா?" என்று கேட்டாள் செசிலி.

"சாயம் போடுறத நிறுத்திட்டு என்னைக் கூப்பிடுங்கக்கா. கயிறு பிந்தினா நான் பதில் சொல்லிக்கிடுவேன்."

வாங்குகிறவர்களிடமிருந்து பதில் வரவில்லை. மழைதான் வந்தது. விடிந்ததிலிருந்து ஓட்டைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. தொட்டி வழிந்தால் எல்லாச் சாயமும் ஒரேயடியாக வாய்க்காலுக்குப் போகும். செசிலிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஜிஷா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினாள். வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

பட்டறைக்குப் பின்னால் ஓடியவள் நின்றுவிட்டாள். தொட்டிகளுக்கு மேல் தகரம் சாய்த்துக் கட்டியிருந்தது. சுற்றிலும் மணல் மூட்டைகள். பெண்கள் தலையில் பாலித்தீனைப் போட்டுக்கொண்டு மழைத் தண்ணீரை மண்வெட்டியால் வேறு பக்கம் வெட்டி விட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே சாயத்தண்ணீர் அசையாமல் கிடந்தது. வாய்க்காலில் வெறும் செம்மண் கலங்கல்.

"போன் எடுத்தா என்னக்கா!"

"மம்பெட்டி பிடிச்ச கையில போனு எப்படிப் பிடிக்க?" என்று சிரித்தாள் செசிலி. "காலையிலயே வானத்தப் பாத்தேன். நீ பதறுவேன்னு தெரியும்."

ஜிஷா ஒரு மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அப்போதுதான் போன் அடித்தது. ஆன்ஸ்லின்.

"ஜிஷா, மாதிரி பிடிச்சிருக்காம். பழையதைவிட இதுதான் வேணுமாம். கேக்குதா?"

"கேக்குது சார்."

"அந்தப் பட்டறை... தொட்டி எப்படி?"

"ஒரு சொட்டு வெளிய போகல சார்."

"நல்லது. அப்ப வேலைய அவங்ககிட்டயே கொடு." பிறகு, "இனி நீ வரையும்போதே பட்டறைக்காரங்களயும் கூப்பிட்டு உக்கார வை," என்றார்.

ஜிஷா விஷயத்தைச் சொன்னதும் செசிலி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். மழையா கண்ணீரா என்று ஜிஷா பார்க்கவில்லை. உள்ளிருந்து மரச்சீனிக்கிழங்கு வேகும் வாசனை வந்தது.

"சாப்பிட்டியா மக்கா?"

"இல்லக்கா. இப்பத்தான் பசிக்குது."

செசிலி ஆவி பறக்கும் கிழங்கையும் சாளைமீன் கறியையும் தட்டில் போட்டு அவள் மடியில் வைத்தாள். ஜிஷா கை கழுவக்கூட மறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.