மொட்டைமாடிக்குப் போன லில்லிகள்

முந்தின நாள் பூத்து வாடியதைக் காலையில் கிள்ளி எறிவதுதான் டே லில்லி வளர்ப்பதில் பாதி வேலை. ஒரு பூவுக்கு ஒரே பகல்தான் ஆயுசு. காலையில் விரிந்து, இருட்டும்போது சுருங்கி, மறுநாள் பிழிந்த துணிபோலத் தண்டில் தொங்கும். கிள்ளாமல் விட்டால் பக்கத்து மொட்டோடு ஒட்டிக்கொண்டு அதையும் விரிய விடாது. லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கோடைக் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே ஒரு வாடகைக் கார் நின்றது. அவருடைய தங்கை இறங்கினாள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் மூடி போட்ட கூடை. கூடையின் இடுக்கு வழியே ஒரு வெள்ளை மூஞ்சி எட்டிப் பார்த்தது.

“அண்ணா, கொஞ்ச நாள் இங்க இருக்கலாமா?”

“இதென்ன கேள்வி? உள்ள வா.”

“இதுவும் இருக்கும். பேரு மாவு.”

“இருக்கட்டும். ரெண்டு பேரும் சாப்டீங்களா?”

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்ததும் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும், எப்படி மாட்டினீர்கள் என்று கேட்கக் கூடாது என்பது அவர் தொழிலில் கற்றது. தங்கைக்கும் அதையே செய்தார். அவளும் புருஷனைப் பற்றி வாய் திறக்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. காலையில் போனாள், சாயங்காலம் வந்தாள், பூனையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வண்டிகள் பறக்கிற தெரு என்பதால் மாவை வாசல் தாண்ட விடுவதில்லை.

அவருக்குக் கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் இல்லாமலே போயிருந்தது. வீட்டில் அவரைத் தவிர உயிருள்ளது என்றால் வாசற்படிக்கும் மதில் சுவருக்கும் நடுவே நெருக்கியடித்து நின்ற அந்தச் செடிகள்தான். மஞ்சள், செம்மண் நிறம், கருஞ்சிவப்பு. கருஞ்சிவப்புப் பூவின் சூல்முடியில் மஞ்சள் பூவின் மகரந்தத்தைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொட்டு வைத்து, காய் பழுத்து வெடிக்கும் சமயத்தில் விதை எடுத்து, முளைக்கவைத்து அவரே உண்டாக்கிய செடி ஒன்றும் இருந்தது. இரண்டு கோடை வெறும் இலையாகவே நின்றுவிட்டு, இந்த வருஷம்தான் முதல் தண்டை நீட்டியிருந்தது. “ரத்தச் சிவப்பா வரும், தொண்டை மட்டும் மஞ்சள்” என்று தங்கையிடம் சொல்வார். “ம்” என்பாள். மறுநாளும் சொல்வார். “நேத்தே வந்துடுச்சே அண்ணா, உன் வாயிலயே” என்றாள் ஒருநாள். இந்த வீட்டுக்கு வந்தபின் அவள் சொன்ன முதல் வேடிக்கை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செடிகளுக்கு நடுவே புகுந்து களை பறித்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மாவு அதன்மேல் ஏறிச் சுருண்டு தூங்கியது. எழுந்து வெகுநேரம் உடம்பை நக்கிக்கொண்டது. மறுநாள் காலை சமையலறையில் வாந்தி. கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கியது. கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை.

கால்நடை டாக்டர் சின்ன வயசுப் பெண். பூனையை அமுக்கிப் பார்த்துவிட்டு, “வீட்டுல லில்லி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“டே லில்லி. வெளிய தோட்டத்துல. இது வெளிய போறதே இல்லியே.”

“மகரந்தம் துணில ஒட்டிட்டு வந்தாலே போதும் சார். நக்கியிருக்கும். மனுஷங்களுக்கு ஒண்ணுமில்ல, பூனைக்கு விஷம். கிட்னியே போயிடும். சலைன் ஏத்தணும், இங்கயே இருக்கட்டும். இப்பவே எதுவும் சொல்ல முடியாது.”

தங்கை அவர் பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஜன்னலுக்கு வலை அடிக்கலாம். வெளியே குளித்துவிட்டு உள்ளே வரலாம். துணியை வாசலிலேயே ஊறவைக்கலாம். இப்படியே போய்க்கொண்டிருந்த புத்தி, பூனை பிழைக்காமல் போனால் இது எதுவுமே வேண்டியதில்லை என்ற இடத்தில் போய் முட்டியது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

சில நாளில் மாவு தலை தூக்கியது. பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் தங்கை பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

“அதக் கூட்டிட்டு வந்ததும் நான் வேற எடம் பாத்துக்கறேண்ணா.”

“ஏன்?”

“உன் மேல கோவமெல்லாம் இல்ல. நான் வந்ததுக்காக நீ எதையும் மாத்திக்க வேணாம்.”

அவர் மறுநாள் லீவு போட்டார். தான் லிஃப்ட் பார்க்கிற கட்டடங்களின் வாட்ச்மேன்களுக்கு வரிசையாகப் போன் செய்து, “உங்க பில்டிங்ல பூனை உண்டா?” என்று விசாரித்தார். ஒருவர், “பூனையே கிடையாது சார், எலிதான்” என்றார். “எலி இருந்தா நாளைக்குப் பூனை வரும்யா” என்று வைத்துவிட்டார். கடைசியில் நினைவுக்கு வந்தது அந்தப் பத்து மாடி அலுவலகக் கட்டடம். மேலே லிஃப்ட் மோட்டார் அறை. மாடிக் கதவின் சாவி அவரிடமும் மேனேஜரிடமும் மட்டும். “செடி வச்சுக்க, தண்ணி கீழ கசியாமப் பாத்துக்க” என்றார் மேனேஜர், அவ்வளவுதான்.

கடப்பாரைச் சத்தம் கேட்டுத் தங்கை வாசலுக்கு வந்தாள். பாதிச் செடிகள் வேரோடு மேலே கிடந்தன. பூவும் மொட்டுமாய் நின்ற தண்டுகளை அவர் வெட்டிக் குவித்திருந்தார். இலைகளை ஒரு சாண் விட்டுக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

“உனக்கென்ன பைத்தியமா? பூக்கிற நேரத்துல யாராவது புடுங்குவாங்களா?”

“புடுங்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். அந்தப் பக்கம் சாக்கப் பிடி.”

அவள் நின்றாள். பிறகு இறங்கி வந்து பிடித்தாள். அவருடைய சொந்தச் செடியை மட்டும் தண்டு வெட்டாமல் மண்கட்டியோடு ஒரு பெயின்ட் வாளியில் இறக்கினார்கள். அதில் இருந்தது ஒரே மொட்டு, கட்டைவிரல் பருமனில்.

மாவு வீட்டுக்கு வந்தபின் ஒரு காலை, அவளே “இன்னைக்கு விரிஞ்சிருக்கும், வா பாக்கலாம்” என்று அவரோடு கிளம்பினாள். மொட்டைமாடியில் வெயில் அதற்குள் சுள்ளென்றிருந்தது. அடி துளைத்த வாளிகளில் செடிகள் மொட்டையடித்த தலைகளாக நின்றன. நடுவில் அந்த ஒற்றைப் பூ விரிந்திருந்தது. சிவப்பு இல்லை. ரோட்டோரம் எங்கும் பார்க்கக்கூடிய மங்கல் ஆரஞ்சு. தொண்டையும் அதே நிறம்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இதுக்கா இவ்ளோ பாடு?” என்றாள் தங்கை.

“அதான் எனக்கும் புரியல” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்கு அடக்கவே முடியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியும் அவள் திரும்பவில்லை. கீழே தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“அந்த வீட்டுல எனக்காக ஒரு நாற்காலி நகந்ததில்லண்ணா. அடிக்கல, திட்டல. நான் போன அன்னைக்கு எது எங்க இருந்துச்சோ, கிளம்பின அன்னைக்கும் அது அங்கயேதான் இருந்துச்சு.”

மோட்டார் அறைக்குள் சக்கரம் ஓடத் தொடங்கி, கொஞ்சநேரம் ஓடி, நின்றது. அவர் மாடிச் சாவியை எடுத்தார். “வெயில் ஏறுது. போலாமா?” என்றார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “சட்டைல மஞ்சத்தூள். கழட்டு.”

“இங்கயேவா?”

“இங்கயேதான்.”

அவர் கழற்றிக் கொடுத்த சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டாள். அவர் பனியனோடு மாடிக் கதவைப் பூட்டினார். ஒரு தளம் படியிறங்கி லிஃப்டுக்குள் ஏறினார்கள். இரண்டு மாடி தாண்டியதும் லிஃப்ட் நின்றது. கழுத்தில் அடையாள அட்டையும் நெஞ்சோடு அணைத்த கோப்புகளுமாக ஒரு அம்மாள் காலை உள்ளே வைத்து, அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். “வாங்க மேடம்” என்று அவர் மிகுந்த மரியாதையோடு கதவைப் பிடித்துக்கொண்டார். தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு, குறைந்துகொண்டே வரப்போகும் மாடி எண்ணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.