டக்கென்று ஒரு சத்தம்

மடக்குக் கத்தியின் பூட்டு தேய்ந்துவிட்டதா என்று தங்கை மாப்பிள்ளை கேட்டபோது, சாணைக்காரர் அதை விரித்து, டக்கென்ற சத்தத்தை மட்டும் கேட்டார். "கல்லு மாதிரி இருக்கு மாப்ள" என்றார். பட்டறையில் நாலு பேர் பார்க்கிற மிதப்பில், விரித்த கத்தி மடங்காமல் பூட்டு தாங்குகிறதா என்று அதன் முதுகை அழுத்திப் பார்க்கவில்லை.

மறுவாரம் மாப்பிள்ளை மூன்று விரலில் கட்டோடு வந்தார். சாணைக்காரர் கத்தியை வாங்கி, மேசைக்கு அடியில் மறைத்து, முதுகை லேசாக அழுத்தினார். பூட்டு வழுக்கி, கத்தி சத்தமே இல்லாமல் மடங்கியது. கூனிக் குறுகிப்போனார்.

"என் கைதான் சரியில்ல மச்சான். நீங்க பாத்த கத்தி தப்புப் பண்ணுமா?" என்ற மாப்பிள்ளை, நல்ல கையால் இன்னொரு மடக்குக் கத்தியை நீட்டினார். "இது உங்க தங்கச்சிக்கு. சத்தத்தக் கேட்டுச் சொல்லுங்க, போதும்."