சாயாத இருக்கை

சுங்மிங் தன் இடது கையை அத்தையின் முதுகுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே கொடுத்து, சரிந்திருந்தவளை மெல்ல நிமிர்த்திக்கொண்டிருந்தபோது விமான நிலையப் பலகையில் எழுத்துகள் மறுபடி மாறின. நான்கான் தீவுக்குப் போகும் காலை விமானம் ரத்து. காரணம், நேற்றும் முந்தாநாளும் போட்டிருந்ததுதான். மூடுபனி.

வரிசையில் நின்ற தீவுக்காரர்கள் யாரும் சத்தம் போடவில்லை. ஏப்ரல் மாதத்தில் மாட்சுத் தீவுகளுக்குக் கிளம்புகிறவர்கள் பனியோடு சண்டைக்குப் போவதில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு மத்தியான விமானத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் போய் நின்றார்கள். தைபேயில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"போச்சா?" என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமலே.

"போச்சு அத்தை. மத்தியானம் ஒண்ணு இருக்கு."

"நல்லதாப் போச்சு மாப்ளே. இன்னும் கொஞ்சம் பழகிக்கலாம்."

பழகிக்கொள்வது என்று அவள் சொன்னது உட்காருவதை. கல்லீரலில் தொடங்கிய நோய் அத்தை பாவ்ஷியாவின் முதுகெலும்பை அரித்துவிட்டிருந்தது. இனி வைத்தியம் இல்லை, ஊருக்குக் கொண்டுபோவதானால் சீக்கிரம் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொண்டுபோவது எப்படி? அந்தச் சின்ன விமானத்தில் படுக்கை போட இடம் கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கையை நிமிர்த்தி வைத்து உட்கார முடிந்தவரைத்தான் ஏற்றிக்கொள்வார்கள். படுத்தபடியே சோறு தின்ன வேண்டியிருந்த அத்தை அதைக் கேட்டுவிட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். வேர்த்துக் கொட்டும். உதட்டைக் கடித்துக்கொள்வாள். கட்டில் நாற்காலி மாதிரி நிமிர்ந்த அன்றைக்கு, வார்டில் மற்ற நோயாளிகளுக்கு எள் ரொட்டி வாங்கிக் கொடுக்கச் சொன்னாள்.

சுங்மிங்குக்குத் தாவ்யுவானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. நாள் பூராவும் பிள்ளைகளிடம் முதுகை நிமிர்த்து, நேராகப் பார் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன மனிதன். அத்தைக்கு அது போதும்.

"வாத்தியாரே, இப்ப சரியா உக்காந்திருக்கேனா? லைசென்ஸ் குடுத்துருவீங்களா?"

"நீங்க ரெண்டு தடவை ஃபெயில் ஆயிட்டீங்க அத்தை. பனி பாஸ் போட மாட்டேங்குது."

அவள் சிரிப்பதற்கு வாயைத் திறந்தாள். சிரித்தால் முதுகு பிடிக்கும் என்று நினைவு வந்து மூடிக்கொண்டாள்.

இந்த மூன்று நாளில் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டரைச் சோதனை வாசலில் விடமாட்டார்கள். விமானக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி அவர்களுடைய சிலிண்டரை வைக்கச் செய்ய வேண்டும். அந்த விமானமே ரத்தானால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். இவர் பறக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் பனியிலேயே நாள் கடந்துபோனது. புதுக் கடிதத்துக்காக நேற்று அவன் தாவ்யுவானுக்கு ஓடித் திரும்பினான். சக்கர நாற்காலியை இரவல் கொடுத்தவர்கள் ஒவ்வொரு சாயங்காலமும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். விடுதி வாசலில் அத்தையை இறக்க ஆள் தேட வேண்டியிருந்தது. நடுவே மனைவி யீஜெனுக்கு மூச்சிரைப்பு. உறிஞ்சு மருந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பாதி வார்த்தையில் நின்று, மீதியைக் கண்ணால் சொல்வாள். நேற்று ராத்திரி அவனுக்கு, இந்தக் கிழவிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம், எங்கே செத்தால் என்ன என்றுகூடத் தோன்றிவிட்டது. தோன்றியதற்குத் தானே வெட்கப்பட்டுக்கொண்டு புரண்டு படுத்தான்.

இப்போது யீஜென் சுடுதண்ணீர் பிடித்துவரப் போயிருந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து வலி மாத்திரையை எடுத்தான். மெல்லிய காகிதத்தில் மடித்து வைத்திருந்தது.

"மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கே அத்தை. இதைப் போட்டுக்கிட்டுக் கொஞ்சம் தூங்குங்க."

"அது வேணாம் மாப்ளே. அதைப் போட்டா பஞ்சு மூட்டையாட்டம் சரிஞ்சிடுறேன். அந்தக் கவுண்டர்ப் பொண்ணு பாத்தா ஏத்த மாட்டா." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வச்சிருங்க. ஊர் போய்ச் சாப்பிடுறேன்."

"நேத்தும் போடலியே. இப்படி வலியைத் தாங்கிக்கிட்டுப் போய் என்ன ஆகப்போகுது?"

அவள் தலையை மெல்லத் திருப்பினாள். யீஜென் போன பக்கம் பார்த்தாள். பிறகு பேசினாள், நடுநடுவே நிறுத்தி.

அவள் புருஷன் கடலில் போனவன். அதுவரை சுங்மிங்குக்கும் தெரியும். உடம்பு கரை சேர்ந்த நாளை அவள் இதற்கு முன் சொன்னதில்லை. வெளியே செத்தவனை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பது ஊர்க் கட்டு. லியூ அண்ணன் முதலாக நாலு பேர் கோயில் வளைவில் குறுக்கே நின்றுவிட்டார்கள். அவர்கள் மேலே தப்புச் சொல்ல முடியாது, அழுதுகொண்டேதான் நின்றார்கள். கூழாங்கல் கரையில் தார்ப்பாயைக் கட்டி அதில் கிடத்தினார்கள். தை மாசக் காற்று. அடக்கம் பண்ணுகிற நாள் வரைக்கும் அவளும் மகள் யீஜெனும் அங்கேதான்.

"இவளுக்கு அப்ப ஆறு வயசு. வீட்டுக்குப் போடின்னா போக மாட்டேன்னுட்டா. அன்னைக்குப் பிடிச்ச இருமல்தான் இது." அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "நான் வழியில போயிட்டேன்னு வைங்க, மறுபடியும் அதே கரை, அதே பாய். இவ போக மாட்டா மாப்ளே. அங்கேயே உக்காந்திருப்பா. இந்த மூச்சோட."

அவன் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தான். யீஜென் சுடுதண்ணீரோடு வந்து, என்ன பேசினீர்கள் என்பதுபோல் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எனக்கு லைசென்ஸ் தர மாட்டேங்குறாருடி," என்றாள் அத்தை.

மத்தியானத்துக்கு மேல் பனி விலகியதாகச் செய்தி வந்தது. எத்தனை நேரத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் கடிதத்தைப் படித்தாள், அத்தையைப் பார்த்தாள், மறுபடி கடிதத்தைப் பார்த்தாள். நல்ல பெண்தான். அவளுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. பாட்டிம்மா சாதாரண நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து காட்ட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

சுங்மிங்கும் யீஜெனும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி, அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார்கள். கையை எடுங்கள் என்றாள் அத்தை. எடுத்தார்கள். அவள் முழங்காலில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு, யாரோ போட்டோ எடுக்கப்போகிற மாதிரி உட்கார்ந்தாள். காதோரம் வேர்வை இறங்கியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. யீஜென் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷம் முக்காலியில உக்காந்து சிப்பி சுரண்டினவம்மா நான்," என்றாள் அத்தை அந்தப் பெண்ணிடம். "உன் விமானத்துல மெத்தை வேற போட்டிருக்காமே."

அந்தப் பெண் முத்திரை குத்திக் கொடுத்தாள்.

ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு உட்காரச் சொல்லிக் கொடுத்தவன் நான், உட்காருவது என்றால் என்னவென்று இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சுங்மிங் நினைத்துக்கொண்டான்.

விமானத்தில் அத்தைக்கு ஜன்னல் இருக்கை, பக்கத்தில் அவன், நடைபாதைக்கு அந்தப் பக்கம் யீஜென். கழுத்துக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தான். மேலே ஏறும்போது அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வலி வரும்போது பிடி இறுகும், போகும்போது தளரும். அலை வருகிற மாதிரி வந்து வந்து போயிற்று. அவனுடைய விரல்கள் மரத்துப்போயின. இவ்வளவு பலம் இந்த உடம்பில் எங்கே இருந்தது என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கடல் வந்திருச்சா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"வந்திருச்சு அத்தை."

"அப்ப பாதி வந்தாச்சு."

அதற்குப் பிறகும் பிடி இறுகியது, தளர்ந்தது. ஒரு தடவை தளர்ந்தது. அவன் அடுத்த இறுக்கத்துக்காகக் காத்திருந்தான். கீழே கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. அந்த இறுக்கம் வரவில்லை.

அவன் திரும்பிப் பார்த்தான். முதுகு அப்படியே நிமிர்ந்திருந்தது. கண்கள் பாதி மூடி ஜன்னல் பக்கம் இருந்தன. குரல் கொடுத்தால் பணிப்பெண் ஓடிவருவாள். விமானம் இறங்கியதும் டாக்டர் வருவார், போலீஸ் வரும். அப்புறம் கூழாங்கல் கரைதான். அவன் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டான்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான் அத்தை," என்றான், அக்கம்பக்கத்தில் கேட்கும்படி.

யீஜென் அவனைப் பார்த்தாள். பிறகு அம்மாவை வெகுநேரம் பார்த்தாள். உறிஞ்சு மருந்தை வாயில் வைத்து அழுத்தி, மூச்சைப் பிடித்து, விட்டாள்.

"அம்மா," என்றாள். "தீவு தெரியுதும்மா."

இருக்கைகள் நிமிர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே வந்த பணிப்பெண் அவர்கள் வரிசையில் நின்றாள். குனிந்து அத்தையின் பெல்ட்டைச் சரிபார்த்தாள். அவள் விரல் அத்தையின் கைமேல் கொஞ்சம் அதிக நேரம் இருந்த மாதிரி அவனுக்குப் பட்டது.

"பாட்டிம்மா நல்லா நேரா உக்காந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

இறங்கியதும் ஊர்க்காரன் ஒருவன் காரைக் கொண்டுவந்திருந்தான். சக்கர நாற்காலியிலிருந்து காருக்கு அவளை ஏந்தி மாற்றியபோது அந்த ஊர்க்காரன் வாயைத் திறந்து ஏதோ கேட்கப் போனான். கேட்காமல் கதவைச் சாத்தினான். வழி நெடுக யீஜென் சொல்லிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடம் தாண்டிட்டோம்மா. மேடு ஏறுறோம்மா. உன் சிப்பிக் கொட்டகை வந்திருச்சு. ஊருக்குத் திரும்புகிற நோயாளிக்கும் அப்படித்தான் சொல்வார்கள். உயிர் போனவருக்கும் வழி தவறாமலிருக்க அப்படித்தான் சொல்வார்கள். ஒரு வார்த்தைக்கும் அவளுக்கு மூச்சு இரைக்கவில்லை.

கோயில் வளைவில் கார் நின்றது. லியூ பெரியவர் கைத்தடியோடு நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு நின்ற அதே இடம். அவருக்குப் பின்னால் ஊர்ச்சனம் பத்துப் பன்னிரண்டு பேர். பனி மறுபடியும் கரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பெரியவர் காரின் பக்கத்தில் வந்தார். யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"மூச்சு இருக்கா?"

சுங்மிங்குக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பாஸாகாத பிள்ளையிடம் பாஸ் என்று சொன்னதே இல்லை.

"இருக்குங்க," என்றான். "வழியெல்லாம் பேசிக்கிட்டேதான் வந்தாங்க."

பெரியவர் கைத்தடியை இடுக்கிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அத்தையின் மூக்குக்கு நேரே பிடித்தார்.  வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்களில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். யீஜென் அம்மாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியவர் கையை எடுத்து, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சூடா இருக்கு," என்று பின்பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். "நல்ல மூச்சு. வழி விடுங்கப்பா, பாவ்ஷியா வீட்டுக்குப் போகட்டும்."

கூடத்தில் பலகை போட்டுப் பாய் விரித்துத் தயாராக வைத்திருந்தார்கள். நாலு பேர் அவளை ஏந்திக் கிடத்தினார்கள். முதுகு பலகையில் படிந்தபோது மரம் லேசாக முனகியது. கதவைச் சாத்தினார்கள், காற்று வராமல். யீஜெனுக்கு ஒருத்தி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இன்னொருத்தி பழைய அரிசி மது ஊற்றிய நூடுல்ஸ் ஒரு கிண்ணம் கொண்டுவந்து, சாப்பிட்டுவிட்டு அழு என்றாள். அப்புறம்தான் முதல் அழுகைச் சத்தம் கேட்டது.

சுங்மிங்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த ஊர் முறை அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றான். பிறகு உள்ளே போய் ஒரு கிளாஸ் சுடுதண்ணீர் கொண்டுவந்து அத்தையின் தலைமாட்டில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து காகித மடிப்பை எடுத்துப் பிரித்து, மாத்திரையை அதன் பக்கத்தில் வைத்தான்.

ஊதுவத்தி வைக்க வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை.