பேஸ் வரவில்லை

எங்கள் வீட்டில் உப்பு சரியா என்று நான் சொல்லலாம், கணக்கு சரியா என்று மகள் சொல்லலாம். சத்தம் சரியா என்று சொல்லும் உரிமை மட்டும் என் கணவருக்கே. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டையெல்லாம் கடைசியாகக் கலந்து, சரிபார்த்து அனுப்புகிறவர் அவர். அங்கே அவருடைய பெயரே 'காது'. "காது சொல்லட்டும்" என்பார்கள். அவர் சொன்ன பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு நானும் அப்படியே பழகிவிட்டேன். குக்கர் விசில் சுருதி இறங்கிவிட்டது என்று அவர் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் விசிலை மாற்றிவிடுவேன்.

அந்தக் காதின் மேல்தான் கொஞ்ச நாளாகப் புகார். அவர் கலந்து அனுப்பிய பாட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரே இடிச்சத்தம், பாடுகிறவர்களின் குரலே அமுங்கிப் போகிறது என்று எல்லாரும் ஒரே குறையைச் சொன்னார்கள். முதலாளி நல்ல மனிதர். அவரே, இன்னொரு பாட்டு திரும்பி வந்தால் பாட்டுக் கலக்கும் மேசைக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். இவரா ஒப்புக்கொள்வார்? பிடித்த முயலுக்கு மூன்றே கால். கேட்கிறவர்களின் ஸ்பீக்கர் குப்பை, கூடத்து ஸ்பீக்கர் கிழடு. ஆடத் தெரியாதவள் கதை என் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

"வீட்லயே ஒரு சப்வூஃபரை மாட்டிக் கேட்டுட்டா யாரு பக்கம் தப்புன்னு தெரிஞ்சிடும்" என்று, முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்து நின்றார்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஒரு துளை, பெட்டியின் முதுகில் ஒரு துளை, நடுவில் ஒரு ஒயர். பாட்டின் மேல்சத்தமெல்லாம் பழைய ஸ்பீக்கர்களில் வரும். தரையோடு வரும் அடிச்சத்தம், அதாவது பேஸ், இந்தப் பெட்டியில் வரும். மாட்டினார், பாட்டைப் போட்டார், முகம் சுருங்கியது.

"வரல."

ஒயரை மாற்றினார். வரவில்லை. பின்னால் இருந்த, சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகுகளை எல்லாம் திருகினார். வரவில்லை. பெட்டியின் முகத்தில் உள்ள கூம்பில் விரல் வைத்துப் பார்த்தார். "ஆடுது. ஆனா சத்தமில்ல. வெறும் காத்துதான் அடிக்குது." கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு பெட்டி வாங்கி வந்தார். அதிலும் வரவில்லை.

எனக்குக் கேட்டது. தும், தும் என்று நன்றாகவே கேட்டது. ஆனால் அதுதான் பேஸ் என்று நான் எப்படி நினைப்பேன்? காதே வரவில்லை என்கிறது. அப்படியென்றால் பேஸ் என்பது இதைவிட நுணுக்கமான ஏதோ ஒன்று, நம்மைப் போன்ற மண்டுகளுக்கு எட்டாதது என்று எடுத்துக்கொண்டேன். "அந்த தும் தும் என்னம்மா?" என்று மகள் கேட்டதற்கும், "அது பேஸ் இல்லையாம், சும்மா இரு" என்று அடக்கினேன். அலமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தது மட்டும் அவருக்கு உடனே கேட்டது. "முதல்ல அதை அடக்கு, எரிச்சலா இருக்கு" என்றார். மடித்த துணியைக் கண்ணாடி இடுக்குகளில் எல்லாம் செருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புது யோசனை ஒன்று வந்தது. பெட்டியை நாம் உட்காருகிற சோபாவின் மேல் தூக்கி வைக்க வேண்டுமாம். பிறகு நாம் தரையில் தவழ்ந்துபோய், பேஸ் நன்றாகக் கேட்கிற மூலையைக் கண்டுபிடித்து, பெட்டியை அங்கே வைக்க வேண்டுமாம். தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். தலை நரைத்த மனிதர் நாலு காலில் முன்னே போக, நானும் மகளும் பின்னே போனோம். பொறுமை எனக்குக் கழுத்துவரை வந்துவிட்டது.

"இங்க வருதா?" என்றார், ஜன்னலோரம்.

"நீங்க சொல்லுங்க."

"வரல. இன்னும் கொஞ்சம் கூட்டு."

எழுந்துபோய்க் கூட்டினேன். கதவு மூலைக்குப் போனபோது தும் தும் என் நெஞ்சிலேயே குத்தியது. அவர் உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் கூட்டு."

அப்போதுதான் அழைப்புமணி அடித்தது. அதுவும் அவருக்குத்தான் முதலில் கேட்டது. "யாரோ வந்திருக்காங்க பாரு."

கீழ்வீட்டுப் பெண். ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அக்கா, இது வீடா, இல்ல கட்டடம் இடிக்கிற இடமா? ஒரு வாரமா தூக்கமில்ல. இப்ப அலமாரியில இருந்த டம்ளர் தானா நகர்ந்து கீழ விழுது!"

"அட, நீ வேற" என்றார் இவர், முழங்காலைத் தட்டிக்கொண்டே எழுந்து. "இந்தப் பெட்டி வேலையே செய்யல. பேஸ் வந்தாத்தானே உன் டம்ளர் விழும்?"

அவள் அவரைப் பார்த்தாள். கிண்டல் செய்கிறாரோ என்று முதலில் முறைத்தாள். பிறகு முறைப்புப் போய்விட்டது.

"என்னண்ணே சொல்றீங்க? இதோ அடிக்குதே. தும், தும், தும்." கையாலேயே தாளம் போட்டுக் காட்டினாள். பெட்டியோடு ஓர் அடி பிசகவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த தும் தும்தான் பேஸ். அதுவேதான். இத்தனை நாளாக அது வந்துகொண்டே இருந்திருக்கிறது. இடிச்சத்தம் என்று சொல்லிப் பாட்டைத் திருப்பி அனுப்பிய யாரும் பொய் சொல்லவில்லை. இவருக்குக் கேட்கவில்லை என்று பாட்டுகளில் அதைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறார்.

அவர் என் பக்கம் திரும்பினார். பேயறைந்த முகம். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

"உனக்குக் கேக்குதா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். மகளைப் பார்த்தார். அவளும் ஆட்டினாள், அழுகிற மாதிரி.

"ஏன் சொல்லல?"

"நீங்க வரலன்னு சொன்னீங்களே" என்றேன்.

பாட்டை நிறுத்தினார். செல்போனில் ஏதோ தேடி ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்தார். "இதுல ஒரே ஒரு அடிச்சுரம்தான் இருக்கு. பெட்டியில மட்டும் வரும். நீ மெதுவா கூட்டிக்கிட்டே வா. நான் சுவரைப் பாத்து நிக்கிறேன். கேட்டதும் கையைத் தூக்கறேன்." குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

சுவரைப் பார்த்து நின்றார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டுக் கேட்கும்போது நிற்பதுபோலவே, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு.

திருகைத் திருப்பினேன். தடித்த முனகல் ஒன்று கிளம்பியது. கீழ்வீட்டுப் பெண் தனக்குக் கேட்கிறது என்று தலையசைத்தாள். கை உயரவில்லை. இன்னும் திருப்பினேன். அறை முழுக்க அந்த முனகல் நிறைந்தது. கடவுளே, தூக்குங்களேன், பொய்யாகவாவது தூக்குங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன். மகள் என் முழங்கையைப் பிடித்தாள். கீழ்வீட்டுப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அதற்குமேல் திருப்ப எனக்குக் கை வரவில்லை.

அவருடைய கை தொடையோடு ஒட்டியபடியே இருந்தது.

"என்ன யோசிக்கிற?" என்றார், திரும்பாமலே. "பயப்படாம போடும்மா. நான் தயாராத்தான் நிக்கிறேன்."